பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜூனில் பள்ளி திறந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் புதுச் சைக்கிள்கள் வரிசை கட்டும். ஆகஸ்டில் பார்த்தால் அதில் பலவற்றைக் காணோம். ஓட்டி வந்த பிள்ளைகள் மறுபடி ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வருவார்கள். உடற்கல்வி ஆசிரியராக வருடா வருடம் பார்க்கிறேன், காரணங்கள் மாறுவதே இல்லை. ரோட்டில் ஓரமாகப் போ, ஹெல்மெட் போடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"வளர்ந்துடுவான், பெருசாவே வாங்குவோம்"

யூனிஃபார்மை இரண்டு இன்ச் கூடுதலாக விட்டு மடித்துத் தைக்கலாம். சைக்கிளை மடித்துத் தைக்க முடியாது.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 26 இன்ச் சைக்கிளில் வந்தான். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பான். நிறுத்த வேண்டுமென்றால் கால் ஊன்ற ஒரு கல்லைத் தேடுவான். பிரேக் பிடியை விரல் நுனிதான் தொடும். கொஞ்ச நாளில் "முட்டி வலிக்குது சார்" என்றான். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னால், "ரெண்டு வருஷத்துல சரியாயிடும் சார்" என்கிறார். அந்த இரண்டு வருடமும் பையன் போனது ஷேர் ஆட்டோவில். இன்னமும் எனக்கு எரிச்சல் வரும்.

கடையிலேயே பார்த்துவிடலாம். நடுக் கம்பிக்கு இருபுறமும் கால் வைத்துப் பிள்ளை நிற்கட்டும். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும், கம்பி மேலே இடிக்கக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைப்பாக நீண்டால் சீட் உயரம். ரொம்ப மடங்கினால் தாழ்வு, அதுவும் முட்டிக்கு ஆகாது. வளர வளர சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. பல சைக்கிள்களில் பிரேக் பிடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் பிடி விரலுக்குக் கிட்டே வரும். கடைக்காரரிடம் கேளுங்கள், கேட்காமல் செய்ய மாட்டார்.

காற்று

வாரம் ஒரு முறை அடியுங்கள். அரைக் காற்றில் மிதிக்கவிட்டு, பிள்ளைக்குத் தெம்பில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

புத்தகப் பை

கேரியரில் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் தொங்கவிடவே வேண்டாம், திரும்பும்போது இழுக்கும். எடையையும் பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை. 35 கிலோ பிள்ளைக்கு மூன்றரைக் கிலோ.

"அதான் சைக்கிள்ல போறாளே"

இரண்டு கிலோமீட்டர் மிதிக்கப் பத்து நிமிடம். போக, வர இருபது. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி நாற்பது நிமிடம் சாயங்கால விளையாட்டில்தான் வர வேண்டும். பி.டி. பீரியடை நம்பாதீர்கள், பரீட்சை வந்தால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பிளஸ் ஒன் வரை காத்திருப்பது

அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் வரும், அப்போது பழகட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது அதிகம். பதினாறு வயதில் விழுந்து எழுந்து பழகக் கூச்சம் வந்துவிடும். எட்டு வயதில் வாடகைச் சைக்கிளிலோ பக்கத்து வீட்டுச் சைக்கிளிலோ பழக்கிவிடுங்கள். பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் அதுவரை நடந்தே வரட்டும், கால் மணி நேரம்தான்.