அகதி அட்டை கேட்டார்கள், கண்டி அட்டையைக் காட்டினேன்

கேரளாவில் புனலூர் பக்கம், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய ஆர்.பி.எல். ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவன் நான். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பம். வேலைக்காக நேட்டிவிட்டி சான்று, அதாவது இந்த மாநிலத்துக்காரன் என்ற சான்று, கேட்டுப் போனால், இலங்கை என்ற வார்த்தையைப் பார்த்ததுமே "அகதி அட்டை எங்கே?" என்று திருப்பி விட்டார்கள். அது எங்களிடம் எப்படி இருக்கும்? 1983 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தவர்கள் கதை வேறு. அப்பாவுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திலேயே இந்தியக் குடியுரிமை கொடுத்து, பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் (ரேஷன் கார்டு இல்லை, இதுதான் கண்டி அட்டை) கையில் தந்துதான் அனுப்பினார்கள்.

வாயால் விளக்கிப் பிரயோஜனமில்லை. அந்தக் குடும்ப அட்டையை, மடிப்பில் கிழிந்து முத்திரை பாதி மங்கிப்போனதை, அக்ஷயா (அரசு இ-சேவை) மையத்தில் கலரில் ஸ்கேன் செய்து, அப்பாவின் தோட்டத்து வேலைப் பதிவையும் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் சேர்த்து, விவரத்தை மலையாளத்திலேயே ஒரு பக்கம் எழுதி வைத்தேன். தமிழில் எழுதினால் யாராவது படித்துச் சொல்லும்வரை மேசையிலேயே கிடக்கும், எதற்கு வம்பு.

பெரிய தலைவலி பெயர்தான். கண்டி அட்டையில் அப்பா பெயர் செல்லையா, ரேஷன் கார்டில் செல்லய்யன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று 'ஒன் அண்ட் த சேம்' சான்றுக்கு முதலில் விண்ணப்பித்து, அது வந்த பிறகே நேட்டிவிட்டிக்குப் போட்டேன். இந்த முறை மறுபேச்சு இல்லை. சாதிச் சான்று மட்டும் பாக்கி. அதற்குத் தாத்தாவின் பூர்வீக ஊர்க் காகிதம் கேட்கிறார்கள், திருச்சிப் பக்கம் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.