மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைக்கும் பூஞ்சையை மண்ணிலிருந்து கண்டுபிடிப்பது

வேரோடு ஒட்டிய மண் 10 கிராமை 90 மி.லி. கிருமி நீக்கிய நீரில் நன்றாகக் குலுக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வையுங்கள். பூஞ்சைக்கு ஆயிரம், பத்தாயிரம் மடங்கு நீர்த்தவையே போதும்.

பூஞ்சையை வளர்க்கும் ஊடகம் பிக்கோவ்ஸ்கயா அகார். லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், டிரைகால்சியம் பாஸ்பேட் 5, அம்மோனியம் சல்பேட் 0.5, ஈஸ்ட் சாறு 0.5, பொட்டாசியம் குளோரைடு 0.2, மெக்னீசியம் சல்பேட் 0.1, அகார் 15. இரும்பு, மாங்கனீசு சல்பேட் சிட்டிகைக்கும் குறைவு. பி.எச். 7. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குங்கள். 45–50 டிகிரிக்கு ஆறியபின் 30 மி.கி. ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்தால் பாக்டீரியா தொல்லை குறையும். முன்பே சேர்த்தால் சூட்டில் வீணாகும்.

பலரும் கோட்டைவிடுவது ஊடகத்தைத் தட்டுகளில் ஊற்றும்போதுதான். பாஸ்பேட் கரையாது, அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் முன் குடுவையைச் சுழற்றாவிட்டால் முதல் தட்டு தெளிவாகவும் கடைசித் தட்டு சுண்ணாம்புப் பாலாகவும் இருக்கும். பூஞ்சை பாஸ்பேட்டைக் கரைத்து உண்டாக்கும் தெளிந்த வளையங்களை ஒப்பிடவே முடியாது.

நீர்த்த மண் கரைசலைத் தட்டில் பரப்பி 28 டிகிரியில் வைத்து, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை பாருங்கள். வெள்ளைப் படலத்தில் காலனியை (பூஞ்சைத் திட்டை) சுற்றித் தெளிந்த வளையம் விழும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் வேகமாகப் படர்ந்து தன் வளையத்தையே மூடிவிடும். தட்டைத் திறக்காமல் கவிழ்த்து, கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து அடிப்புறம் பாருங்கள். பிரித்தெடுத்த பூஞ்சையைப் புதுத் தட்டின் நடுவில் புள்ளியாக வைத்து அளக்க வேண்டும். வளையத்தோடு சேர்ந்த விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்தால் கரைப்புக் குறியீடு. வளையத்தோடு 30 மி.மீ., காலனி மட்டும் 20 என்றால் குறியீடு 1.5.

வளையத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வளையமே விழாத சில பூஞ்சைகள் திரவ ஊடகத்தில் நன்றாகக் கரைக்கும். அகார் சேர்க்காத அதே ஊடகம் 100 மி.லி.யில் 7 நாள் குலுக்கி வளர்த்து, வடிகட்டி, கரைந்த பாஸ்பரஸை மாலிப்டினம் நீல முறையில் (நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து) 882 நானோமீட்டர் ஒளியில் அளவிடுங்கள். பூஞ்சை இடாத குடுவை ஒன்றும் கட்டாயம். ஆட்டோகிளேவ் சூடே கொஞ்சம் பாஸ்பரஸை விடுவிக்கும், அதைக் கழித்தாக வேண்டும். சிட்ரிக், ஆக்சாலிக், குளுக்கோனிக் அமிலங்கள் சுரப்பதால் பி.எச். பெரும்பாலும் 4 பக்கம் இறங்கும். நீலகிரி போன்ற அமில மண்ணுக்கு என்றால் இரும்பு, அலுமினிய பாஸ்பேட்டிலும் சோதியுங்கள். அங்கே மணிச்சத்து பெரும்பாலும் அவற்றில்தான் சிக்கியிருக்கும்.

வேருக்குள் வாழும் வேர் உட்பூசணமான வேம் (VAM) இந்தத் தட்டில் வராது. அதற்கு வேரைச் சாயமிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இனம் காண, செலோடேப்பால் காலனியை ஒற்றி, லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற சாயச் சொட்டில் வைத்து 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். தடுப்புச் சுவரில்லாத தண்டும் உப்பிய தலையும் ஆஸ்பெர்ஜில்லஸ். தடுப்புச் சுவருள்ள தண்டின் நுனி துடைப்பமாகப் பிரிந்திருந்தால் பெனிசிலியம். மஞ்சள் பச்சையாக வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸும் அழகாக வளையம் போடும். அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாக்கக்கூடியது என்பதால் குறியீடு எவ்வளவு உயர்ந்தாலும் அதை வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம், தட்டோடு ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றுவிடுங்கள்.