மலைவீட்டுச் சமையலறைக்கு வேக்குவம் சீலர் வாங்கலாமா?

மழைக்காலம் தொடங்கியதும் மிளகாய்த்தூள் கட்டி பிடிப்பதையும், அப்பளம் நமத்துப்போவதையும் பார்த்துச் சலித்த நீலகிரிவாசிகள் பலருக்கு, பையிலிருந்து காற்றை உறிஞ்சி வாயை ஒட்டித் தரும் வேக்குவம் சீலர் மீது ஆசை வருகிறது. ஃப்ரீசரில் போதிய இடம் உள்ளவர்களுக்கு அது பயன்படும் என்பதும், மற்றவர்களுக்கு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவே போதும் என்பதும் என் கருத்து. உங்கள் வீடு எந்த வகை என்பதைக் கீழ்க்காணும் வரிசையில் பார்த்து முடிவு செய்யலாம்.

படி 1: எதைச் சேமிக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள். தினமும் திறந்து மூடும் தேயிலைத்தூள், சாம்பார்பொடி போன்றவற்றை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை வெட்டித் திறக்கும்போதும் பை குட்டையாகிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் தொடாமல் வைக்கும் மிளகு, ராகி, சாமை, காய்ந்த அவரை ஆகியவை பட்டியலில் இருக்கலாம். ஆனால் அவை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கருவி காற்றை எடுக்குமே தவிர, தானியத்துக்குள் இருக்கும் ஈரத்தை எடுக்காது. புதிதாக வறுத்த காபிக்கொட்டையிலிருந்து சில நாட்கள் கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், உடனே ஒட்டினால் பை உப்பிவிடும். வர்க்கியை உறிஞ்சினால் தூள்தான் மிஞ்சும். அதற்குக் காற்றை எடுக்காமல் பையின் வாயை மட்டும் ஒட்டுங்கள்.

படி 2: பூண்டையும் காளானையும் நீக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். ஊட்டிப் பூண்டை உரித்துக் காற்றில்லாத பையில் அடைத்து அலமாரியில் வைத்தால் நீண்டநாள் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று இல்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமான இடத்தில்தான் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலும் இருக்கக்கூடும். பச்சைப் பூண்டும் காளானும் இந்த ஆபத்துக்கு ஏற்றவை. பூண்டைக் காற்றோட்டமாகத் தொங்கவிடும் பழைய வழக்கமே சரியானது.

சமைத்த உணவு, இறைச்சி, மீன் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். "நம்ம ஊர்க் குளிரே ஃப்ரிட்ஜ்தானே" என்று வெளியே வைக்காதீர்கள். உறைபனிக் காலத்திலும் ஊட்டியின் பகல்வேளை, ஃப்ரிட்ஜின் 4 டிகிரியை விட நன்றாகவே சூடானது.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அது ஏறத்தாழ 77 மட்டுமே. பையை உணவோடு ஒட்ட அழுத்துவது வெளிக்காற்றுதான் என்பதால், மலையில் அந்தப் பிடி சற்றுத் தளர்வாகவே இருக்கும். பெட்டியில் "80 கிலோபாஸ்கல்" என்று அச்சிட்டிருந்தாலும், வெளியே இருப்பதே 77 என்னும்போது அவ்வளவு வித்தியாசத்தை எந்தக் கருவியாலும் இங்கே உண்டாக்க முடியாது. குறித்த அழுத்தத்தை எட்டிய பிறகே தானாக ஒட்டும் சில கருவிகள், அந்த அளவை எட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நாம் விரும்பும்போது அழுத்தி ஒட்டுவதற்குத் தனிப் பொத்தான் உள்ள கருவியையே வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்தும் விடுங்கள்.

பைச் செலவையும் கணக்கிடுங்கள். 5 மீட்டர் ரோலை 25 சென்டிமீட்டராக வெட்டினால் 20 பைகள் கிடைக்கும். ரோலின் விலையை 20-ஆல் வகுத்து வருவதே ஒரு பையின் விலை. பையை வெளியே வைத்து, அதன் வாயை மட்டும் செருகி உறிஞ்சும் வகைக் கருவிக்கு உட்புறம் வரிவரியாக மேடுள்ள பைதான் சரியாக வேலை செய்யும், சாதாரணப் பாலிதீன் பை உதவாது. பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையாக உள்ள மாவட்டத்தில், பயன்படுத்திய பைகள் எங்கே போகும் என்பதையும் யோசிப்பது நல்லது.

படி 4: காய்கறியை அடைக்கும் முறை

பீன்ஸையும் பட்டாணியையும் பச்சையாக அடைத்து உறையவைத்தால் நாளடைவில் நிறமும் சுவையும் கெடும். கொதிநீரில் பீன்ஸை 3 நிமிடம், பட்டாணியை ஒன்றரை நிமிடம் போட்டெடுப்பது வழக்கம். மலையில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் வாயு விடுபவை. அவற்றையும் இப்படி வேகவைக்காமல் அடைக்கக் கூடாது.

கொதிநீரிலிருந்து எடுத்த காய்களை உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். ஓரளவு கெட்டியான பின் பையில் இட்டால் தண்ணீர் கருவிக்குள் ஏறாது. பையின் மேல்பகுதியில் நான்கு விரல் அகலம் காலியாக விட்டு, உள்விளிம்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சற்றுத் தள்ளி இன்னொரு கோடு ஒட்டினால் கசிவு குறையும். மறுநாள் எடுத்துப் பாருங்கள். காற்று புகுந்திருந்தால் பெரும்பாலும் விளிம்பில் சிக்கிய துணுக்கோ மடிப்போதான் காரணமாக இருக்கும்.

படி 5: உறைந்ததை இளக்குதல்

தேதி எழுதாத பை ஃப்ரீசரில் மறந்துபோகும். படி 2-இல் சொன்ன நஞ்சு உண்டாகாமலிருக்க, மீனை இளக்கும்போது முதலில் பையை வெட்டித் திறந்து காற்றுப் படவிட்டு, அதன் பிறகே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் போய், பை முழுதும் இளகி வெதுவெதுப்பாகியிருந்தால், மீண்டும் உறையவைக்காமல் எறிந்துவிடுங்கள்.