ஷாம்பெயின் லேபிளில் இரண்டு எழுத்து

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் குடும்பமாக ஒயின் செய்பவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பாட்டிலைக் கண்டுபிடிக்க லேபிளின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். 'ஆர்எம்' என்றால் விவசாயியே தயாரித்தது. 'என்எம்' என்றால் திராட்சையை வெளியிலும் வாங்கும் நிறுவனம். மண்ணைக் கெடுக்காத சாகுபடியா என்பதை இது சொல்லாது, அதற்குத் தனி முத்திரை உண்டு.

முதல் நொதிப்பு, அதாவது திராட்சைச் சாறு ஒயினாக மாறும் கட்டம், ஓக் மரப் பீப்பாயில் நடந்த வகை என்றால் ரொம்பக் குளிரவைக்காதீர்கள், மணம் அமுங்கிவிடும். 10 முதல் 12 டிகிரி போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 15, 20 நிமிடம் கழித்து ஊற்றலாம். ஒல்லியான நீளக் கிளாஸ் பார்க்க அழகு, அவ்வளவுதான். வயிறு அகன்ற ஒயின் கிளாஸே சரி. அப்புறம், திறக்கும்போது கார்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும்.