“சரிங்க” என்று சொன்னால் புரிந்துவிட்டதா? நம் பேச்சை நாமே சோதித்துப் பார்க்கும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுக்கப் பேச்சுதான் வேலை. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங் என்று ஒரு டி-சர்ட் பல கை மாறும். ஒவ்வொரு கைக்கும் விவரம் சொல்ல வேண்டியவன் நான்.

போன வருடம் ஓர் ஆர்டரில், பக்கத் தையலில் வரும் வாஷ்கேர் லேபிளை (துவைக்கும் முறை அச்சடித்த சின்னப் பட்டை) வைக்கும் இடம், கீழ் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உயரம் என்பது 7 செ.மீ.யாக மாறியது. தைத்துத் தரும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டேன். “சரிங்க” என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் 340 பீஸ் பழைய அளவிலேயே வந்து இறங்கின.

தெளிவாகச் சொன்னோமே என்ற கோபத்தில் அந்த வாய்ஸ் நோட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மொத்தம் 2 நிமிடம் 10 விநாடி. முதலில் அவர் வீட்டு விசேஷம், அடுத்து வண்டி எப்போது வரும் என்ற பேச்சு, அப்புறம் நூல் விலை. லேபிள் விஷயம் 1 நிமிடம் 40 விநாடிக்கு மேல்தான் வருகிறது: “அப்புறம் அந்த லேபிளைக் கொஞ்சம் கீழ இறக்கி வெச்சுக்குங்க.” ஏழு என்ற எண்ணை நான் சொல்லவே இல்லை. இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அத்தனை தையலையும் பிரித்த அக்காமாரைப் பார்த்த பிறகுதான், என் பேச்சை நானே சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. நான் செய்துவருவதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு பேச்சை எடுங்கள்

“நான் நன்றாகப் பேசுகிறேனா?” என்று பொதுவாக யோசித்தால் ஒன்றும் பிடிபடாது. இந்த வாரம் நீங்கள் அனுப்பிய ஒரு வாய்ஸ் நோட் போதும். அது உங்கள் போனிலேயே இருக்கிறது. நேரில் பேசியதைப் பதிவு செய்வதென்றால், எதிரில் இருப்பவரிடம் முதலில் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: கேட்பதற்கு முன் எழுதுங்கள்

இதில் நான் என்ன சொல்ல நினைத்தேன்? அவருக்கு என்ன புரிந்திருக்கும்? இரண்டுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் போடுங்கள். கேட்ட பிறகு எழுதினால் மனசு நமக்குச் சாதகமாகவே கணக்கை மாற்றிவிடும்.

படி 3: கேளுங்கள், எழுதிப் பாருங்கள்

முதல் தடவை கேட்கும்போது “இது என் குரலா?” என்று சங்கடமாக இருக்கும். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லாததால் மெலிந்து ஒலிக்கும். மற்றவர்களுக்குக் கேட்பது பதிவில் இருக்கிற குரல் மாதிரிதான். அதற்காகப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

இரண்டாம் தடவை, பேனாவை எடுத்து, பேசியதை ஒரு சொல் விடாமல் தாளில் எழுதுங்கள். இரண்டு நிமிடப் பேச்சை எழுத அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் இந்த முறையிலேயே அதிகம் பலன் தருவது இதுதான். முக்கிய விஷயம் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பாருங்கள். அளவு, தேதி, பெயர் வாய்விட்டுச் சொல்லப்பட்டிருக்கிறதா? “அது”, “கொஞ்சம்”, “பார்த்துக்குங்க” எத்தனை இடத்தில் வருகிறது? ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். நேர்ப்பேச்சு என்றால், எதிராளி முடிக்கும் முன் எத்தனை முறை குறுக்கே புகுந்தீர்கள் என்றும் எண்ணுங்கள். என் தாளில் ஒன்பது வட்டம் விழுந்தது.

படி 4: மற்றவர்களிடம் கேளுங்கள்

நம் கொங்குப் பக்கத்தில் இது கொஞ்சம் கடினம். சின்னப் பிள்ளையைக்கூட “வாங்க கண்ணு” என்று கூப்பிடுகிற ஊர் இது. “நான் பேசறது எப்படிங்க இருக்குது?” என்று கேட்டால் “நல்லா இருக்குதுங்க” என்றுதான் வரும். அது பொய் இல்லை, மரியாதை. அதேபோல “சரிங்க” என்றால் பல நேரம் “நீங்க சொன்னது காதில் விழுந்தது” என்றுதான் அர்த்தம். எல்லாம் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் உங்கள் பேச்சைப் பற்றிக் கேட்காமல், அவருக்குப் புரிந்ததைப் பற்றிக் கேளுங்கள். நான் அந்த அண்ணனிடம் டீ குடிக்கும்போது, “அன்னைக்கு நான் சொன்னதுல உங்களுக்கு என்னங்கண்ணா புரிஞ்சுது?” என்றேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கீழ இறக்கோணும்னு புரிஞ்சுதுங்க தம்பி. எவ்வளவுன்னு தெரியலீங்க. திரும்பக் கேட்டா வேலை தெரியாதவன்னு நெனைப்பீங்களோன்னு உட்டுட்டனுங்க.” இந்த ஒரு பதிலில் எனக்குக் கிடைத்தது அதிகம். என்னிடம் திரும்பக் கேட்கவே ஒருவர் தயங்குகிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று பேரிடம் கேளுங்கள்: நீங்கள் வேலை சொல்கிறவர், உங்களுக்கு வேலை சொல்கிறவர், வீட்டில் ஒருவர். அவர்கள் சொல்லும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். “இல்லீங்க, நான் எதுக்குச் சொன்னேன்னா...” என்று ஆரம்பித்த உடனே அவர் வாயை மூடிக்கொள்வார். “சரிங்க, இன்னும் சொல்லுங்க” என்பதோடு நிறுத்தி, அப்புறம் தனியாக எழுதி வையுங்கள்.

படி 5: நீங்கள் எழுதியதையும் மற்றவர்கள் சொன்னதையும் பக்கத்தில் வையுங்கள்

1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ஜோஹாரி ஜன்னல் என்பார்கள். நமக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்தது, நமக்கு மட்டும் தெரிந்தது, மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்தது, யாருக்கும் தெரியாதது என நான்கு கட்டம். தொடங்குபவர்களுக்கு மூன்றாவது கட்டம் போதும். படி 2இல் நீங்கள் எழுதாமல், மற்றவர்கள் சொன்னது எதுவோ அதை அதில் எழுதுங்கள்.

படி 6: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு பழக்கம் போதும். நான் எடுத்துக்கொண்டது இது: முதல் வாக்கியத்திலேயே விஷயமும் எண்ணும் வந்துவிட வேண்டும். நலம் விசாரிப்பது அப்புறம். முடிவில், “எப்படி வெக்கப் போறீங்கன்னு ஒருக்கா சொல்லுங்கண்ணா” என்று கேட்பேன். “இடது பக்கமுங்க, கீழிருந்து ஏழு” என்று வந்தால்தான் போனை வைப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் மறுபடி கேளுங்கள். நானும் கேட்டேன். “இப்ப அளவு மொதல்லயே வந்துருதுங்க தம்பி. ஆனா முன்ன மாதிரி ஊட்டுல எல்லாரும் எப்படி இருக்கறாங்கன்னு கேக்கறதே இல்லீங்களே” என்றார். அடுத்த தாளின் மூன்றாவது கட்டத்தில் அதைத்தான் முதலில் எழுதினேன்.