நர்சிங் ஹோம் லைசென்ஸ்: போர்டு லெட்டர் வரும்முன் பயிற்சி மணிநேரத்தை எண்ணாதீர்கள்

போன மாதம் நம்ம ஊர்ப் பெண் ஒருவர் என் அறைக்கு வந்து ஒரு ஸ்பைரல் நோட்டை நீட்டினார். ஆறு வாரப் பயிற்சிக் கணக்கு. தேதி, மணி, டிபார்ட்மென்ட் என்று கோடு போட்டு முத்து முத்தாக எழுதியிருந்தார். "போர்டு லெட்டர் எங்கம்மா?" என்றேன். அமெரிக்காவில் நர்சிங் ஹோம் நடத்த லைசென்ஸ் தரும் மாநில போர்டு, பயிற்சியைத் தொடங்கலாம் என்று அனுப்பும் அனுமதிக் கடிதம் அது. "வந்துட்டே இருக்கு சார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் இதே பதிலைச் சொன்னவன்தான்.

ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியவர்களும் நீண்ட நாள் நோயாளிகளும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம். அதை நடத்தும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) பணம் வாங்கும் மாநிலங்களுக்கு 1967 சட்டத் திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் என்ன படிப்பு, எத்தனை மணிநேரப் பயிற்சி என்பதை அந்தந்த மாநிலமே வைத்துக்கொள்கிறது. ஃபீஸ் கட்ட மறப்பது, படிவத்தில் கையெழுத்து விடுபடுவது போன்ற சின்னத் தவறுகளை நான் சொல்லத் தேவையில்லை. பலரும் சறுக்கும் பெரிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அனுமதிக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது

லைசென்ஸுக்கு முன் செய்யும் பயிற்சிக்குப் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர் இன் டிரெய்னிங், சுருக்கமாக ஏ.ஐ.டி. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற இடங்களில் வழக்கமாக 1000 மணிநேரம். உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் பிரிசெப்டர்.

எனக்குக் கிடைத்த பிரிசெப்டர் இருபது வருட அனுபவசாலி, நல்ல மனுஷர். "பேப்பர் எல்லாம் தானா வரும், நீ திங்கட்கிழமையே வந்துடு" என்றார். இருந்த வேலையை விட்டுவிட்டுப் போனேன். கிச்சனில் நின்றேன், சம்பளப் பட்டியல் போட்டேன், இல்லத்தைச் சோதனை போடும் சர்வேயர்கள் வந்த வாரம் ராத்திரி பத்து மணிவரை ஃபைல் எடுத்துக் கொடுத்தேன். பதினொரு வாரம், 440 மணி. அப்புறம்தான் போர்டிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அட்மினிஸ்ட்ரேட்டர் லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை. பிரிசெப்டர் அங்கீகாரம் மட்டும் காலாவதியாகியிருந்தது. இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாது, அவருக்கோ நினைவில்லை. 440-ல் ஒரு மணிகூட எண்ணிக்கையில் சேரவில்லை. அவர் வருத்தப்பட்டார், ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். சேமிப்பில் கை வைத்தது நான்தானே! இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அதனால் பிரிசெப்டரின் பெயரைப் போர்டின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொள்பவரிடம் ஆயிரம் மணிநேரம் இருக்கப்போகிறீர்களா? அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதிதான் நோட்டின் முதல் வரி. வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். பாதியில் அவர் வேலை மாறினால் அன்றைக்கே போர்டுக்கு எழுதிவிடுங்கள்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கடிதம் இன்னும் வரவில்லை.

ஊர் டிகிரி அப்படியே செல்லும் என்று நம்புவது

வெளிநாட்டு டிகிரியை மதிப்பீடு செய்து தரும் நிறுவனம் ஒன்றின் மூலமாகத்தான் போக வேண்டியிருக்கும். அதுவும் மூன்று வருட பி.காம்., பி.எஸ்சி. என்றால் இங்குள்ள நான்கு வருட டிகிரிக்குச் சமம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளாமலே போகலாம். விண்ணப்பத்துக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

வேலை தெரியும், பரீட்சை எழுதிவிடலாம் என்பது

நாப் (NAB, மாநில போர்டுகளின் தேசியச் சங்கம்) நடத்தும் தேசியத் தேர்வு 2017 முதல் இரண்டு பகுதி: எல்லாருக்கும் பொதுவான கோர், அப்புறம் நர்சிங் ஹோமுக்கான தனித்தாள். சில மாநிலங்கள் தங்கள் தேர்வையும் சேர்த்து வைக்கின்றன. நர்ஸாக இருந்து வருபவர்கள் பட்ஜெட் கேள்வியில் தடுமாறுகிறார்கள். அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கேர் பிளானில், அதாவது ஒவ்வொரு நோயாளிக்கும் போடும் பராமரிப்புத் திட்டத்தில். அதைவிடப் பெரிய பள்ளம், "எங்க பில்டிங்ல இப்படித்தான் செய்வோம்" என்ற பழக்கம். நோயாளியைத் துன்புறுத்தியதாகப் புகார் வந்தால் காலை மீட்டிங்கில் பேசிக்கொள்வோம் என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விதிப்படி 2 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த நோயாளிக்கு ஆரம்பக் கேர் பிளான் 48 மணி நேரத்துக்குள். கேள்வித்தாள் விதியைத்தான் கேட்கும்.

வேறு மாநிலம் போனால் லைசென்ஸும் கூட வரும்

வராது. அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய வழக்கைச் சொல்லாமல் விடுவது

கைரேகைச் சோதனையில் அது வந்துவிடும்.

புதுப்பிக்கும் வருடத்தில் கிளாஸ் தேடுவது

கலிஃபோர்னியாவில் 2 வருடத்துக்கு 40 மணிநேரத் தொடர்கல்வி. கடைசி மாதத்தில் நாற்பதையும் முடிக்கப் பார்ப்பவர்கள், போர்டு ஏற்காத கிளாஸுக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள். வீடு மாறினால் முகவரியையும் மாற்றிச் சொல்லுங்கள்; போர்டு அனுப்பும் நோட்டீஸ் பழைய வீட்டுத் தபால்பெட்டிக்குத்தான் போகும்.