பென்சிலால் ஒரு பியர்-டு-பியர் வலை: கார்ட் வளையத்தைப் படிப்படியாக வரைவோம்

நாலைந்து பேர் ஒரே ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சேர்ந்து எழுதும் செயலிகள் எல்லோருக்கும் பழகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடுவே ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது. அந்தச் சர்வரை எடுத்துவிட்டு, பயனர்களின் கணினிகளே ஒன்றையொன்று கண்டுபிடித்து, ஆவணத்தைப் பத்திரமாக வைத்து, மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ள முடியுமா? முடியும். அப்படி நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகளே நேரடியாகப் பேசிக்கொள்வதுதான் பியர்-டு-பியர் வலை. அதை ஒரு தாளில் வரைந்தே பார்த்துவிடலாம். நிரல் எதுவும் எழுதப்போவதில்லை. லைப்ரரியை நிறுவி நாலு வரி ஓட்டிப் பார்ப்பதைவிட, கையால் ஒருமுறை வரைந்து பார்த்தவருக்குத்தான் இந்த விஷயம் மனதில் தங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: லட்சக்கணக்கான கணினிகளில் நான் தேடுவது எதில் இருக்கிறது? 1999இல் வந்த நாப்ஸ்டர் பாட்டுக் கோப்புகளைப் பயனர்களிடமே விட்டுவைத்தது. ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் அதன் சர்வரில் இருந்தது. 2001இல் நீதிமன்ற உத்தரவால் அந்தச் சேவை நின்றதும் மொத்த வலையும் நின்றது. 2000இல் வந்த நுடெல்லா, பட்டியலே வேண்டாம் என்றது. பக்கத்துக் கணினியிடம் கேள், அது தன் பக்கத்துக் கணினிகளிடம் கேட்கும். ஆட்கள் கூடக்கூடக் கேள்விகளே வலையை அடைத்துக்கொண்டன.

2001இல் கேன், கார்ட், பேஸ்ட்ரி, டேபஸ்ட்ரி என்ற நான்கு வடிவமைப்புகள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. நான்கும் டிஸ்டிரிபியூட்டட் ஹேஷ் டேபிள், சுருக்கமாக டி.எச்.டி. வகை: பெயரை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணை வைத்தே எந்தக் கணினியிடம் போவது என்று கண்டுபிடிக்கும் முறை. நாம் வரையப்போவது கார்ட். யோன் ஸ்டோய்கா, ராபர்ட் மோரிஸ், டேவிட் கார்கர், ஃப்ரான்ஸ் காஷூக், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் எழுதிய கட்டுரையில் வந்தது. ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

படி 1: வளையம்

தாளில் பெரிய வட்டம் ஒன்று போடுங்கள். உச்சியில் 0 என்று எழுதி, கடிகாரம் சுற்றும் திசையில் 63 வரை இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 63க்கு அடுத்தது மறுபடி 0. இப்போது 5, 12, 19, 27, 36, 44, 50, 61 என்ற எட்டு இடங்களில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணினி. இனி அதைக் கணு என்போம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? கணினியின் ஐ.பி. முகவரியை எஸ்.எச்.ஏ-1 போன்ற ஹேஷ் செயல்பாட்டில் போட்டால் ஓர் எண் கிடைக்கும். நிஜத்தில் அது 160 பிட் எண். பத்தடிமான முறையில் எழுதினால் 49 இலக்கம் வரை போகும். நம் தாளுக்கு 6 பிட் போதும், ஆகவே 64 இடங்கள்.

ஓவர்லே, அதாவது இணையத்தின் மேல் நாமாக வரைந்துகொள்ளும் வலை என்பது இதுதான். வளையத்தில் 44க்கு அடுத்து நிற்கும் 50 வேறொரு கண்டத்தில் இருக்கலாம். அடியில் உள்ள இணையம் செய்தியை எந்த வழியில் கொண்டுபோகிறது என்பது வளையத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

படி 2: எந்த ஆவணம் யார் பொறுப்பு?

ஆவணத்தின் பெயரையும் அதே ஹேஷில் போடுங்கள். வரும் எண்ணிலிருந்து கடிகாரத் திசையில் போனால் முதலில் எதிர்ப்படும் கணுவே அதற்குப் பொறுப்பு. ஆவணம் 47 என்றால் கணு 50. ஆவணம் 36 என்றால் கணு 36 தானே. ஆவணம் 63 என்றால் 0ஐத் தாண்டிச் சுற்றிவந்து கணு 5. பட்டியல் எங்குமே இல்லாமல், பெயரிலிருந்தே பொறுப்பாளர் யார் என்று தெரிந்துவிடுகிறது. இந்த யோசனையை ரசிக்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

படி 3: ஃபிங்கர் டேபிள்

ஒவ்வொரு கணுவுக்கும் தனக்கு அடுத்தவர் மட்டும் தெரிந்தாலே போதும், தேடல் நடந்துவிடும். ஆனால் 5இலிருந்து 47ஐத் தேடினால் 12, 19, 27, 36, 44, 50 என்று ஆறு தாவல். பத்து லட்சம் கணுக்கள் இருந்தால் இது நடக்காது. அதனால் ஒவ்வொரு கணுவும் தன் எண்ணோடு 1, 2, 4, 8, 16, 32 கூட்டி, அந்தந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்று குறித்துவைத்துக்கொள்கிறது. இந்தக் குறிப்புதான் ஃபிங்கர் டேபிள். கணு 5க்குப் போட்டுப் பாருங்கள்:

6 → 12
7 → 12
9 → 12
13 → 19
21 → 27
37 → 44

அருகில் உள்ளவர்களை நெருக்கமாகவும், தொலைவில் உள்ளவர்களை மேலோட்டமாகவும் தெரிந்துவைத்திருக்கிறது. இதே போல 12, 19, 36, 44 ஆகிய கணுக்களுக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். கூட்டுத்தொகை 64ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 64ஐக் கழிக்க வேண்டும்: 44 + 32 = 76, கழித்தால் 12. பிழை வருவது பெரும்பாலும் இந்தக் கழித்தலை விடுவதால்தான்.

படி 4: தேடல்

விதி: தேடும் எண்ணைத் தாண்டாமல், அதற்கு மிக அருகில் கொண்டுவிடும் கணுவிடம் கேள்வியை அனுப்பு. 5இலிருந்து 47ஐத் தேடுவோம். 5இன் டேபிளில் 47ஐத் தாண்டாத மிகப் பெரியது 44. அங்கே போனால், 44க்கு அடுத்தவர் 50. 47 இடையில் விழுகிறது. முடிந்தது. ஆறு தாவல் இரண்டாகிவிட்டது. 12இலிருந்து 63ஐத் தேடினால் 12, 44, 61, 5 என்று வர வேண்டும். கணுக்கள் இரட்டிப்பானால் சராசரியாக அரைத் தாவல்தான் கூடும். ஆகவே பத்து லட்சம் கணுக்களுக்கும் சராசரியாக 10 தாவலே.

படி 5: புதிதாக ஒருவர்

40 என்ற கணு சேர வருகிறது. வளையத்தில் அதற்கு 27ஐ மட்டும் தெரியும். "40க்குப் பொறுப்பு யார்?" என்று 27இடம் கேட்கிறது, 44 என்று பதில் வருகிறது. 44ஐத் தன் அடுத்தவராகக் குறித்துக்கொண்டு, "உனக்கு முன்னால் நான் நிற்கிறேன்" என்று 44இடம் சொல்கிறது. 37 முதல் 40 வரையிலான ஆவணங்கள் 44இலிருந்து 40க்குக் கைமாறுகின்றன.

36க்கு இது இன்னும் தெரியாது. ஆனால் எல்லாக் கணுக்களும் அவ்வப்போது தன் அடுத்தவரிடம் "உனக்கு முன்னால் யார்?" என்று விசாரிக்கின்றன. 36 அப்படி 44இடம் கேட்கும்போது "40" என்று பதில் வரும். உடனே தன் அடுத்தவரை 40 என்று திருத்திக்கொள்கிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 5இன் டேபிளில் கடைசி வரி இன்னும் 44 என்றுதான் இருக்கிறது; இப்போது அது 40 ஆகியிருக்க வேண்டும். இந்தப் பழைய டேபிளோடு 5இலிருந்து 38ஐத் தேடிப் பாருங்கள். 44 தாண்டிவிடும், ஆகவே 27, அங்கிருந்து 36, 36க்கு அடுத்தவர் 40. சரியான விடை! அடுத்தவர் யார் என்ற தகவல் சரியாக இருந்தால் விடை சரியாக இருக்கும். ஃபிங்கர் டேபிள் வேகத்துக்கு மட்டுமே. ஆட்கள் வந்தும் போயும் இருக்கும் வலை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

படி 6: சேர்ந்து எழுதும் குழு

இதுவரை தேடல். செயலிக்கு வேண்டியது வேறு: ஒருவர் தட்டச்சு செய்தால் குழுவில் எல்லோருக்கும் போக வேண்டும். ஓவர்லேக்கும் செயலிக்கும் நடுவில் நின்று இந்த வேலையைச் செய்வதுதான் மிடில்வேர். பேஸ்ட்ரியின் மேல் கட்டப்பட்ட ஸ்கிரைப் என்ற அமைப்பின் உத்தியை நம் வளையத்தில் செய்து பார்ப்போம்.

ஆவணம் 47இல் 5, 12, 19 மூவரும் எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் 47ஐ நோக்கி "என்னையும் சேர்த்துக்கொள்" என்று செய்தி அனுப்புகிறார்கள். 5இன் செய்தி 44 வழியாக 50க்குப் போகிறது. 12இன் செய்தியும் 44க்கு வருகிறது. 5இன் செய்தியைக் கடத்தியபோதே 44 இந்தக் குழுவின் வழியில் சேர்ந்துவிட்டதால், 12ஐக் குறித்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுகிறது. 19இன் செய்தி 36ஐத் தொட்டு 44க்கு வருகிறது. இந்த வழிகளைச் சிவப்புப் பேனாவால் வரைந்தால் ஒரு மரம் தெரியும்: வேர் 50, அதன் கீழ் 44, அதன் கீழ் 5, 12, 36, பிறகு 36இன் கீழ் 19. மாற்றம் ஒன்று வந்தால் 50 ஒரே ஒரு பிரதியை 44க்கு அனுப்பினால் போதும், கிளைகள் பார்த்துக்கொள்ளும்.

இருவர் ஒரே வரியை ஒரே நொடியில் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓவர்லேயில் பதில் இல்லை. அதற்கு சி.ஆர்.டி.டி. என்ற தரவு வடிவங்கள் உள்ளன. மாற்றங்கள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கடைசியில் எல்லோரிடமும் ஒரே ஆவணம் இருக்கும். ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் என்ற இரண்டு திறமூல லைப்ரரிகளைப் பாருங்கள்.

படி 7: ஒருவர் திடீரெனப் போனால்

50ஐ அடித்துவிடுங்கள். 44 தன் அடுத்தவரை மட்டும் அல்லாமல், அதற்கடுத்த 61, 5 ஆகியோரையும் வரிசையாக வைத்திருந்தால், உடனே 61ஐப் பிடித்துக்கொள்ளும். ஆவணத்தின் நகலும் அதே இருவரிடம் இருந்தால் ஒரு வரிகூட இழப்பில்லை. மரத்தின் வேர் 61 ஆகிவிடும்; 44க்குக் கீழே எதுவும் மாற வேண்டியதில்லை.

இது தாளில் எளிதாகத் தெரிந்தாலும் நிஜத்தில் கடினம். பமேலா ஸேவ் என்ற ஆய்வாளர் 2012இல் கார்ட் நெறிமுறையை அலாய் என்ற கருவியால் சோதித்து, மூலக் கட்டுரையில் சொன்னபடியே செய்தால் சேர்தலும் விலகலும் சில வரிசைகளில் நிகழும்போது வளையம் குலைந்து மீளாமல் போகலாம் என்று காட்டினார். ஆகவே கற்பதற்கு நீங்களே எழுதுங்கள். பிறர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் லிப்பிடூபி போன்ற நன்கு சோதிக்கப்பட்ட லைப்ரரி ஒன்றை எடுங்கள். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிகளை இணைக்கும் தலைவலியையும் அது பார்த்துக்கொள்ளும். அதில் வளையத்துக்குப் பதில் கெடம்லியா என்ற இன்னொரு டி.எச்.டி. இருக்கும். 2002இல் வந்த அந்த முறையில் இரண்டு எண்களுக்கு எக்ஸ்-ஆர் (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் 1 போடும் கணக்கு) போட்டுத் தொலைவை அளக்கிறார்கள். பிட்டோரண்ட் பயன்படுத்துவதும் அதைத்தான்.

ஒரு பயிற்சி. 36இலிருந்து 9ஐத் தேடுங்கள். 36, 5, 12 என்று வந்தால் சரி. 61 வழியாகப் போயிருந்தால், 36 + 32இல் 64ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். படி 3க்குப் போய் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்.